காலி ஓட்டம், மணல் மூட்டை, அப்புறம் பயணிகள்: மாற்றத்துக்குப் பயப்படுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பதினாறு வருடம் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போனேன். பெரம்பூரில் 29சி ஏறினால் மயிலாப்பூர் லஸ்ஸில் இறங்குவேன். எந்த நிறுத்தத்தில் கூட்டம் குறையும், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது என்பதெல்லாம் அத்துப்படி. ஒரு நாள் அலுவலகத்தைக் கிண்டிக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்கள். இரண்டு மாத அவகாசம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. சம்பளம் குறையவில்லை, வேலையும் அதே வேலை, பக்கத்து மேசையில் அதே ஆட்கள். மாறப்போவது போகிற வழி மட்டும்தான். ஆனாலும் வேலையையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிற அளவுக்கு வயிற்றைப் பிசைந்தது.

இதை யாரிடமும் சொல்லவில்லை. பெரிய துயரம் என்றால் ஆறுதல் சொல்ல நாலு பேர் வருவார்கள். புது வழி, புது போன், புது வீடு, புது மேலதிகாரி என்று பயந்தால், "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?" என்ற கேள்விதான் வரும். அந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் வாயைத் திறப்பதில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதன்முதலாக இந்தப் பயத்தோடு மல்லுக்கு நிற்பவர்கள் எங்கே ஆரம்பிக்கலாம் என்பதை, நான் செய்து பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

வழி சொன்னது அப்பா. அவர் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1955இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை அது. எங்கள் பகுதியில் வீட்டுக்கு ஒருவராவது அங்கே வேலை பார்த்திருப்பார்கள். புது ரகப் பெட்டி ஒன்றைச் செய்தால் அதில் நேராக ஜனங்களை ஏற்றிவிட மாட்டார்கள் என்றார் அப்பா. முதலில் காலியாக ஓட்டுவார்கள். அப்புறம் பயணிகளின் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டுவார்கள். ஆட்டம் எவ்வளவு, பிரேக் எங்கே பிடிக்கிறது என்று பார்த்துச் சரி செய்த பிறகுதான் பயணிகள். இன்று வந்தே பாரத் என்று ஓடுகிற ரயிலின் முதல் தொடரும் அப்படித்தான் வந்தது. 2018 அக்டோபரில் ஐ.சி.எஃப்.பை விட்டு வெளியே வந்தது. மாதக்கணக்கில் சோதனை ஓட்டம். 2019 பிப்ரவரியில்தான் டெல்லி - வாரணாசி பயணிகளை ஏற்றியது. "இரும்புக்கே வெள்ளோட்டம் தேவைப்படுது. நீ மட்டும் முதல் நாளே ஆடாம ஓடணும்னு எதுக்கு நினைக்கிறே?" என்று அப்பா கேட்டதுதான் எனக்குத் திருப்பம்.

மாற்றம் உண்மையாகவே நடக்கிற நாளில் அதை முதல் முறையாகச் செய்யக் கூடாது. நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். கீழே வரும் படிகள் எல்லாம் அதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்பதைப் பற்றியவை.

முதல் படி: எது கையை விட்டுப் போகிறது என்று எழுதுங்கள்

ஒரு காகிதம் போதும். "எனக்கு மாற்றம் என்றால் பயம்" என்று எழுதாதீர்கள், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இந்த மாற்றத்தால் என்னவெல்லாம் போய்விடும் என்று வரி வரியாக எழுதுங்கள்.

இழப்பைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்றால், பயம் அங்கேதான் இருக்கிறது. டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையில் இதை விளக்கினார்கள்: ஒரு பொருள் புதிதாகக் கிடைப்பதில் வரும் சந்தோஷத்தைவிட, அதே பொருள் கையை விட்டுப் போவதில் வரும் வலி பெரிது. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் 500 ரூபாயைத் தொலைத்தவர் அன்று முழுக்கப் புலம்புவார். அதே 500 ரூபாய் பழைய புடவை மடிப்பில் கிடைத்தால் அரை மணி நேரம் சந்தோஷப்படுவார். புது வீட்டில் நல்ல காற்று, நல்ல தண்ணீர் என்று யார் என்ன சொன்னாலும் மனசு பழைய வீட்டு வாசலையே சுற்றி வருவது இதனால்தான். கோழைத்தனம் என்று இதற்குப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டாம். மனித மனத்தின் அமைப்பே இப்படி.

என் காகிதத்தில் ஏழு வரிகள் இருந்தன. ஜன்னல் சீட்டு. பஸ்ஸில் படிக்கும் நேரம். ஓட்டேரியில் ஏறும் ஒரு அக்காவோடு தினமும் பேசுகிற பேச்சு. லஸ்ஸில் பூ வாங்கும் வழக்கம். சென்ட்ரல் கூட்டத்தில் தள்ளிவிடுவார்களோ என்ற பயம். மெட்ரோவின் எஸ்கலேட்டரில் கால் வைக்கத் தெரியாதது. தாமதமாகப் போய்ப் பேச்சு வாங்குவோமோ என்பது.

எழுதி முடித்துப் பார்த்தால் அதில் மூன்று ரகம் கலந்திருந்தது. எஸ்கலேட்டரும் நேரமும் வெறும் தெரியாமை, போய்ப் பார்த்தால் தீர்ந்துவிடும். கூட்டம் உண்மையான சிரமம், அதற்கு ஏற்பாடு வேண்டும். அக்காவும் பூவும் பயமே கிடையாது, பிரிவுத் துக்கம். துக்கத்துக்குத் தைரியம் சொன்னால் எடுபடாது. நம் வீடுகளில் "தைரியமா இரு" என்று சொல்லியும் பலருக்கு எதுவும் மாறாமல் போவது பெரும்பாலும் இதனால்தான் என்று நினைக்கிறேன். உங்கள் வரிகளையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். ஒரே மூட்டையாக அழுத்திக்கொண்டிருந்தது அங்கேயே கொஞ்சம் லேசாகும்.

இரண்டாம் படி: பழையதில் எதைக் கூட எடுத்துப் போகலாம்?

மாற்றம் என்றால் முழுவதையும் விட்டுவிட்டு வருவது என்று நினைத்துக்கொள்கிறோம். வீடு மாற்றும்போது யாராவது சாமி படத்தை விட்டுவிட்டு வருவார்களா?

எங்கள் அலுவலகத்தில் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி முதல் வேலைக்குச் சேர்ந்தான். திருவல்லிக்கேணி மேன்ஷனில் அறை. முதல் மாதத்தில் மூன்று முறை ஊருக்கு ஓடினான். மூன்றாவது முறை திரும்பி வரும்போது இரண்டு விஷயங்களைக் கொண்டுவந்தான். அம்மா இடித்த பருப்புப் பொடி ஒரு டப்பா. ஊரில் அதிகாலையில் ஆற்றுக்கு நடந்து போகும் பழக்கம். ஆறு இல்லாத இடத்தில் மெரினா இருக்கிறதே. தினமும் ஐந்தரை மணிக்குக் கடற்கரைக்கு நடந்தான். அதற்கப்புறம் பொங்கலுக்குத்தான் ஊருக்குப் போனான்.

நானும் ஓட்டேரி அக்காவின் போன் நம்பரை வாங்கிக்கொண்டேன். பதினாறு வருடமாக அது என்னிடம் இல்லை, தினமும் பார்க்கிறோமே என்று இருந்துவிட்டேன். இப்போது சனிக்கிழமை சாயங்காலம் பேசிக்கொள்கிறோம். பூ மட்டும் விட்டுப் போனது. அது போனதுதான், அதற்கு ஈடு எதுவும் நான் தேடவில்லை.

மூன்றாம் படி: காலி ஓட்டம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். மாற்றம் நடக்கப்போகும் இடத்துக்கு, எந்த வேலையும் இல்லாமல், எந்த அவசரமும் இல்லாமல் ஒரு முறை போய்விட்டு வாருங்கள்.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பெரம்பூரில் மின்சார ரயில் ஏறினால் வியாசர்பாடி ஜீவா, பேசின் பிரிட்ஜ், அப்புறம் சென்ட்ரல். அங்கிருந்து கிண்டிக்கு இரண்டு வழி. சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷன் போய்த் தாம்பரம் வண்டியைப் பிடிக்கலாம்; இல்லையென்றால் சென்ட்ரல் மெட்ரோவில் இறங்கி, விமான நிலையம் போகிற ரயிலில் ஏறினால் மாறாமல் கிண்டி வரலாம். நான் மெட்ரோவைத் தேர்ந்தெடுத்தேன். 2015 ஜூனில் கோயம்பேடு - ஆலந்தூர் தடத்தில் மெட்ரோ ஓடத் தொடங்கியதிலிருந்து அன்றுவரை ஒரு முறைகூட அதில் காலடி வைத்ததில்லை.

எஸ்கலேட்டர் பக்கத்தில் பத்து நிமிடம் நின்று மற்றவர்கள் எப்படிக் கால் வைக்கிறார்கள் என்று பார்த்தேன். அன்று ஏறவில்லை, லிஃப்டில்தான் போனேன். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. டிக்கெட் கவுண்டரில் இருந்தவரிடம் "முதல் தடவை வர்றேன், எப்படிப் போகணும்?" என்று கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார். கிண்டியில் இறங்கி, அலுவலகக் கட்டடம் வரை நடந்து, பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு, எதிரே டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். அன்று இரவு தூங்கினேன்.

காலி ஓட்டம் ஏன் வேலை செய்கிறது? பயமான ஒன்றைத் தள்ளிப்போடும்போது அந்த நிமிடத்தில் நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. அடுத்த முறை பயம் இன்னும் கொழுத்து வருகிறது. மாறாக, தாங்கக்கூடிய அளவில் பயத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, ஒன்றும் ஆகவில்லை என்று உடம்பே உணர்ந்தால் படபடப்பு தானாக இறங்கும். ஜோசஃப் வோல்ப் என்ற தென்னாப்பிரிக்க மருத்துவர் 1950களில் இதையே ஒரு சிகிச்சை முறையாக வகுத்தார். குறைந்த பயத்திலிருந்து அதிக பயம் வரை ஏணி மாதிரி வரிசைப்படுத்திக்கொண்டு, உடம்பைத் தளர்த்திக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுவது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்களே, ஆழம் தெரிந்துகொள்வதற்கான வழி இது.

வீடு மாற்றமா? முன்பணம் கொடுக்கும் முன் அந்தத் தெருவில் காலை ஏழு மணிக்கு ஒரு முறை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறை நடந்து பாருங்கள். பக்கத்துக் கடையில் தண்ணீர் லாரி வருமா, மழைக்குத் தண்ணீர் நிற்குமா என்று விசாரியுங்கள். சென்னையில் இந்த இரண்டு கேள்விக்கும் தரகரைவிட மளிகைக்கடைக்காரர் சரியான பதில் சொல்வார்.

நான்காம் படி: மணல் மூட்டை

இப்போது பாரம் ஏற்ற வேண்டும். ஆனால் கவிழ்ந்தாலும் யாருக்கும் அடிபடாத பாரம்.

நான் ஒரு புதன்கிழமை லீவு போட்டேன். எட்டு மணிக்கு, தோளில் பை, சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றோடும், வேலைக்குப் போகிற மாதிரியே கிளம்பினேன். நெரிசலில் ஒரு ரயிலை விட்டேன். சென்ட்ரலில் தவறான வாசலில் வெளியே வந்தேன். கிண்டி போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. லீவு நாள் என்பதால் கேட்க ஆள் இல்லை. எந்த வாசல், எந்தப் பெட்டி, வீட்டில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு நாளில் தெரிந்துவிட்டது.

அம்மாவின் கதை இன்னும் பொருத்தம். அவருக்கு எழுபது வயது ஆகப்போகிறது. போனில் பணம் அனுப்புவது என்றாலே கை நடுங்கும். தெரிந்த ஒருவர் ஏமாந்த கதையைக் கேட்டிருந்தார். அந்தப் பயத்தில் பாதி நியாயம், அதைத் தள்ளிவிடக் கூடாது. எனவே மோசடி பற்றிய விஷயத்தை முதலில் பேசினோம். நமக்குப் பணம் வருவதற்கு நாம் ரகசிய எண்ணை, அதாவது பின் (PIN) நம்பரை, போடவே தேவையில்லை. யாராவது "பணம் வரும், பின் நம்பரைப் போடுங்கள்" என்றால் நம் பணம் போகப்போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். அப்புறம் தனியாக ஒரு வங்கிக் கணக்கில் 500 ரூபாய் மட்டும் போட்டு, அதை மட்டும் போனில் இணைத்தோம். ஓய்வூதியப் பணம் இருக்கும் கணக்கை இணைக்கவே இல்லை. என்ன தவறு நடந்தாலும் 500 ரூபாய்க்கு மேல் போகாது. முதல் நாள் எனக்கு ஒரு ரூபாய் அனுப்பினார். அடுத்த வாரம் கீழ் வீட்டுக் கடையில் பால் பாக்கெட்.

புது வேலைக்கும் இதே முறை. முடிந்தால், வேலையை விடும் முன் அந்தத் துறையில் ஒரு சின்ன வேலையை சனி ஞாயிறில் செய்து பாருங்கள். அகலக் கால் வைக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: நாள் குறிப்பது

"சீக்கிரம் ஆரம்பிக்கிறேன்" என்பது தள்ளிப்போடுவதன் இன்னொரு பெயர். "திங்கட்கிழமை காலை காபி குடித்து முடித்ததும் கிளம்புவேன்" என்று, ஏற்கெனவே செய்கிற ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். காபி முடிந்ததும் கால் தானாக எழும்.

ஆறாம் படி: முதல் வாரத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

இங்கேதான் நிறையப் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள். புதிதாக எதைச் செய்தாலும் முதல் சில வாரம் பழையதைவிட மோசமாகத்தான் இருக்கும். பழையதில் உங்களுக்கு வருடக்கணக்கில் பயிற்சி, புதியதில் நாலு நாள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2010இல் அச்சில் வந்தது. ஒரு புதுப் பழக்கம் யோசிக்காமலேயே செய்கிற அளவுக்குப் படிய நடுத்தரமாக 66 நாட்கள் ஆகும் என்று அது சொன்னது. ஆளுக்கு ஆள் வித்தியாசமும் அதிகம், 18 நாள் முதல் 254 நாள் வரை. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் கண்டார்கள். எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். எனவே அந்த 21 நாளில் பழகவில்லையே என்று நொந்துகொள்ள வேண்டாம். எனக்குக் கிண்டி வழி பழகச் சுமார் மூன்று மாதம் ஆனது.

ஆனால் ஒரு எல்லைத் தேதி வேண்டும். எல்லா மாற்றமும் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று மாதமோ ஆறு மாதமோ, நாட்காட்டியில் ஒரு தேதியை வட்டமிட்டு, அன்று உட்கார்ந்து யோசியுங்கள். ஒத்துவரவில்லை என்றால் திரும்பிப் போகலாம். வெள்ளோட்டத்தில் தேறாத பெட்டி பட்டறைக்குத் திரும்புவது வழக்கம்தானே.

வெள்ளோட்டத்துக்கு வாய்ப்பே இல்லாத மாற்றம்

சில மாற்றங்கள் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. இந்த ஊருக்கு அது நன்றாகத் தெரியும். காய்கறி மொத்த வியாபாரம் 1996இல் கொத்தவால் சாவடியை விட்டுக் கோயம்பேட்டுக்குப் போனது. வெளியூர்ப் பேருந்து நிலையம் 2002இல் பாரிமுனையிலிருந்து கோயம்பேடு போனது. 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு சந்தையையே மூடி, காய்கறிக் கடைகளைத் திருமழிசைக்கு அனுப்பினார்கள். 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு தென் மாவட்டப் பேருந்துகள் அங்கே போயின. ஒவ்வொரு முறையும் எதிர்ப்பும் சிரமமும் இருந்தன, அவை பொய்யான சிரமங்கள் இல்லை.

திணிக்கப்பட்ட மாற்றத்தில் ஒன்றை மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளலாம். 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயில் ஊழியர்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வேறு வழியில் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. பயண அட்டைகளின் பதிவுகளை ஆராய்ச்சியாளர்கள் பார்த்தபோது, வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் ஏறத்தாழ இருபதில் ஒருவர் பழைய வழிக்குத் திரும்பவே இல்லை. நல்ல வழி முதலிலிருந்தே இருந்திருக்கிறது, தேட வேண்டிய அவசியம்தான் வரவில்லை. இருபதில் பத்தொன்பது பேர் திரும்பிவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே பாருங்கள். திணிக்கப்பட்ட மாற்றத்தில் எல்லாரும் லாபம் பார்ப்பதில்லை.

வீட்டில் இன்னொருவர் பயந்தால்

பெரியவர்களுக்காக நாமே செய்து கொடுத்துவிடுவது அன்பு மாதிரித் தோன்றும். போனைப் பிடுங்கி "குடுங்க, நான் பண்றேன்" என்பது அவர்களுடைய பயத்தை உறுதிப்படுத்துகிறது. போன் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். விரல் அவர்களுடையதாக இருக்க வேண்டும். எத்தனை முறை கேட்டாலும் முதல் முறை சொன்ன குரலிலேயே சொல்லுங்கள். அம்மாவிடம் நான் இரண்டு முறை குரலை உயர்த்தியிருக்கிறேன். அந்த இரண்டு முறையும் அவர் ஒரு வாரம் போனைத் தொடவில்லை.

பயம் இதையும் தாண்டினால்

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பிட முடியவில்லை, வீட்டை விட்டு வெளியே போகவே முடியவில்லை, மார்பு அடைக்கிற மாதிரி அடிக்கடி வருகிறது என்றால் இந்தப் படிகளோடு நிற்காதீர்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல ஆலோசனைச் சேவை 14416 என்ற எண்ணில் நாள் முழுக்க இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. அரசுப் பொது மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவது போலவே போகலாம்.

அம்மாவுக்கு இப்போது அடுத்த வேலை வந்திருக்கிறது. அடுத்த மாதம் திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். கிளாம்பாக்கம் போனதே இல்லை என்று இரண்டு நாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நேற்று ராத்திரி அவரே வந்து, "ஞாயித்துக்கிழமை சும்மா ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடலாமா?" என்று கேட்டார். தாம்பரம் வரை ரயில், அங்கிருந்து பஸ். காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறோம். டிக்கெட்டுக்குப் பணம் அவர்தான் கொடுப்பாராம், போனிலேயே.